காதல் நாவல் பைத்தியத்த அடுத்தவங்களுக்கும் ஒட்ட வைக்கிறது எப்படி – பெங்களூர் தமிழ் ஆளுங்களுக்கு

மொதல்ல ஒரு வார்த்தைய தூக்கிப் போடுங்க: "சும்மா டைம்பாஸ்க்கு". பர்ப்பிள் லைன் மெட்ரோல பக்கத்து சீட்டுக்காரங்க எட்டிப் பாத்து என்ன படிக்கிறீங்கன்னு கேட்டா, காதல் நாவல் படிக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு அட்டைய உள்பக்கமா மடிச்சுக்கிட்டு இதத்தான் சொல்றாங்க, க்ரைம் நாவல் படிக்கிறவர் அப்படி சொல்றதில்ல, ஷேர் மார்க்கெட் புக்கு படிக்கிறவர் சொல்லவே மாட்டார், அவர் அட்டை நல்லா தெரியற மாதிரி இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பார். நீங்களே மட்டம் தட்டி வெச்சிருக்கிற ஒண்ண எதிர்ல இருக்கிறவங்க எதுக்கு ஆசையா கேட்டு வாங்கணும் சொல்லுங்க. யாராவது கேட்டா ஒரே வரில சொல்லுங்க, "காதல் கதைங்க, ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டே ஒரே வீட்டுல இருக்காங்க, இப்பதான் அவன் கோவிச்சுக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிருக்கான்". அவ்ளோதான். பாதிப் பேரு சிரிச்சுட்டு ஃபோனப் பாக்கப் போயிடுவாங்க, யாரோ ஒருத்தர் மட்டும் "அப்புறம்?"னு கேப்பாங்க, அந்த "அப்புறம்" கேட்டவர்தான் உங்க ஆளு.

இத நான் பெங்களூர்ல இருக்கிறவங்களுக்குன்னு எழுதறதுக்கு காரணம் இருக்கு. சேலம், மதுரைன்னா பஸ் ஸ்டாண்டு கடைலயே மாத நாவல் தொங்கும், பக்கத்து வீட்டு அக்காவும் அதையே படிச்சுட்டு இருப்பாங்க, பேச ஆளத் தேட வேண்டியதில்ல. இங்க ஆபீஸ்ல இங்கிலீஷு, கடைல கன்னடம், எதிர் ஃப்ளாட்ல ஹிந்தி, தமிழ் பேசறவங்க அல்சூர், ராமமூர்த்தி நகர், ஸ்ரீராமபுரம்னு எங்க பாத்தாலும் இருந்தாலும் தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்கள கண்டுபிடிக்கிறது தனி வேல, அதுலயும் நான் காதல் நாவல் படிப்பேன்னு வெளிய சொல்றவங்கள கண்டுபிடிக்கிறது அதுக்கும் மேல.

சரி, வாய் திறந்து சொல்லிட்டீங்க, உடனே ஒரு குரல் வரும், பெரும்பாலும் வீட்டுக்குள்ள இருந்தே வரும்: "எல்லாம் ஒரே கதைதானே, கடைசில சேந்துடப் போறாங்க." இதுக்கு கோவப்படாதீங்க. கடைசில கொலைகாரன் மாட்டுவான்னு தெரிஞ்சுதான் எல்லாரும் துப்பறியும் கதை படிக்கிறாங்க, அத யாரும் குத்தமா சொல்றதில்ல. காதல் நாவல்னா அதுக்கு ஒரு கண்டிஷன் உண்டு, கதையோட நடுநாயகம் அந்த ரெண்டு பேரோட காதலா இருக்கணும், முடிவு மனசுக்கு நெறைவா இருக்கணும், உலகம் பூரா அத அப்படித்தான் வெச்சிருக்காங்க. சேருவாங்களாங்கிறது கேள்வியே இல்ல, இவ்ளோ கோவத்த வெச்சுக்கிட்டு எப்படிடா சேருவீங்கங்கிறதுதான் கேள்வி.

இன்னும் வம்புக்கு வந்தாங்கன்னா அகத்திணைய எடுத்து விடுங்க, இது எனக்கு ரொம்பப் புடிச்ச அடி. குறிஞ்சின்னா சேர்றது, முல்லைன்னா காத்திருக்கிறது, மருதம்னா ஊடல், நெய்தல்னா கடற்கரைல உக்காந்து ஏங்கறது, பாலைன்னா பிரிவு. கூடவே தூது போற தோழி, பதர்ற செவிலித்தாய், ஊர் வாய்ல விழற அலர், வீட்ட விட்டுக் கெளம்பற உடன்போக்கு, பொண்ணு தரலன்னா பனை மடல்ல குதிர செஞ்சு அதுல ஏறி தெருவுல வந்து நிப்பேன்னு மிரட்டற ஹீரோ. தலைவன் தலைவிக்கு பேர் கூட வெக்கக் கூடாதுன்னு ரூல். இந்த அஞ்சு சிச்சுவேஷன வெச்சுக்கிட்டு நூத்துக்கணக்கான புலவருங்க எழுதித் தள்ளியிருக்காங்க, அத ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண வெச்சு மார்க்கும் போட்டாங்க, அப்ப ஒருத்தரும் ஒரே கதைன்னு சொல்லல பாருங்க.

இது வாதத்துக்கு மட்டும் இல்ல, நெஜமாவே வேலைக்கு ஆகும். என்னோட ஷெல்ஃப்ல புக்க எழுத்தாளர் பேர் வெச்சு அடுக்கல, இந்த அஞ்சு வெச்சுதான் அடுக்கியிருக்கேன். யாராவது வந்து "ஏதாவது குடு"ன்னா, "இப்ப என்ன மூடு, சண்டைக் கதையா, காத்திருக்கிற கதையா, பிரிஞ்சு திரும்ப சேர்றதா?"ன்னு கேப்பேன், அவங்களுக்கும் சொல்ல ஈஸியா இருக்கும். புருஷன் ஆன்சைட் போயிருக்கிற பொண்ணுக்கு பாலைல இருந்து எடுத்துக் குடுக்காதீங்க, மருதம் குடுங்க, நல்லா திட்டித் தீத்துக்கட்டும்.

எப்படிச் சொல்றதுன்னு ஒரு பழக்கம்

நம்ம ஆளுங்க ஒரு புக்க சிபாரிசு பண்றப்ப ரெண்டே விதமா பண்றாங்க, ஒண்ணு "சூப்பரா இருக்கும், படி"ன்னு விட்டுடறாங்க, இல்லன்னா மொத அத்தியாயத்துல ஆரம்பிச்சு கொழந்த பொறக்கற வரைக்கும் முழுசா சொல்லிடறாங்க. ரெண்டுலயும் எதிராளி படிக்க மாட்டாங்க. ஒரே ஒரு சீன சொல்லுங்க, அதுவும் பாதில நிறுத்துங்க.

உதாரணத்துக்கு ஒரு கதைன்னு வெச்சுக்கோங்க, ஓசூர் பக்கம் ரோஜாத் தோட்டம் வெச்சிருக்கிற குடும்பம், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மூத்தவ காணாம போயிடறா, மானம் போயிடும்னு தங்கச்சிய அதே மேடைல உக்கார வெச்சுடறாங்க. இது ஆயிரம் தடவ வந்த முடிச்சு, இதச் சொன்னா "அட இதானா"ம்பாங்க. அத விட்டுட்டு இப்படிச் சொல்லுங்க: கல்யாணம் ஆகி மூணாம் நாளு அவன் பீரோல இருந்து கல்யாணப் பத்திரிகைய எடுக்கறான், அதுல மணமகள்னு அவ அக்கா பேருதான் அச்சாகி இருக்கு, அவ கண்ணு முன்னாடி கிழிக்கப் போறான்னு நெனச்சு அவ தலையக் குனிஞ்சுக்கறா, அவன் கிழிக்கல, ரெண்டா மடிச்சு அவ கைலயே குடுத்து "இத என்ன பண்றதுன்னு நீயே முடிவு பண்ணு"ங்கறான். இங்க நிறுத்திடுங்க. அவ என்ன பண்ணான்னு கேக்காத ஆளு காதல் நாவலுக்கு ஆகாத ஆளு, விட்டுடுங்க, வேற புக்கு குடுங்க.

சீன் சொன்னதுக்கு அப்புறம் இன்னும் ரெண்டு விஷயம் மறைக்காம சொல்லணும். ஒண்ணு, ரொமான்ஸ் எந்த அளவுக்குத் தூக்கலா இருக்குங்கிறது. க்ளீனா, கதவு சாத்தற வரைக்குமா, இல்ல கதவுக்கு உள்ள நடக்கறதும் வருதா. இதக் கூச்சப்பட்டு சொல்லாம விட்டுட்டு ஆபீஸ் சீனியர் கைலயோ மாமியார் கைலயோ குடுத்துட்டீங்கன்னா அப்புறம் அவங்க முகத்தப் பாக்கறது உங்க பாடு. இன்னொண்ணு, அந்தக் கதைல உங்களுக்கே எரிச்சலா இருந்த இடம். பழைய மாத நாவல்கள்ல ஹீரோ "பளார்"னு அறைவான், அடுத்த பக்கத்துல அவளே வந்து மன்னிப்புக் கேப்பா, கட்டாயத் தாலி கட்டறவன நாலு அத்தியாயத்துல உத்தமனாக்கிடுவாங்க, இப்ப வர்ற ஆன்ட்டி ஹீரோ கதைங்கள்லயும் அதுக்குக் கொறச்சல் இல்ல. நான் அந்த மாதிரி புக்க குடுக்க மாட்டேன்னு சொல்லல, எழுத்து நல்லா இருந்தா குடுப்பேன், ஆனா "எழுபதாம் பக்கத்துல அறையறான், அத மன்னிக்க முடியலன்னா எடுக்காத"ன்னு சொல்லித்தான் குடுப்பேன். அதுவும் காலேஜ் படிக்கிற பொண்ணுங்களுக்குக் குடுத்தா அது பத்திக் கண்டிப்பா உக்காந்து பேசுவேன். இப்படி கொறையயும் சேத்துச் சொன்னா அடுத்த தடவ நீங்க "இத கண்டிப்பா படி"ன்னு சொல்றப்ப நம்புவாங்க.

யாருக்கு எது

அம்மா, பெரியம்மா தலைமுறைக்கு நீங்க சொல்லித் தர ஒண்ணும் இல்ல, அவங்க ராணி முத்து, மாலைமதின்னு நாவல் இதழ்களோட வளந்தவங்க, எழுத்தாளர் ரமணிசந்திரன் பேரச் சொன்னாலே போதும், எந்த வாரப் பத்திரிகைல எந்தத் தொடர் வந்துச்சு, யார் வீட்டுல வாங்கினாங்க, தாத்தாவுக்குத் தெரியாம எங்க ஒளிச்சு வெச்சாங்கன்னு அவங்களே ஆரம்பிச்சுடுவாங்க. அவங்களுக்கு வேண்டியது புது கதை இல்ல, பெரிய எழுத்து. டேப்லயோ கிண்டில்லயோ எழுத்த நல்லா பெருசாக்கி வெச்சுக் குடுங்க, ஆட்டோ ப்ரைட்னஸ ஆஃப் பண்ணிடுங்க, அவ்ளோதான், அப்புறம் சாப்பாடு நேரத்துக்கு வராது.

ஆபீஸ்ல இங்கிலீஷ் ரொமான்ஸ் மட்டுமே படிக்கிற தமிழ்ப் பொண்ணு ஒருத்தி கட்டாயம் இருப்பா, அவள விடாதீங்க, அவ ஏற்கனவே நம்ம ஆளு, பாஷை மட்டும்தான் மாத்தணும். அவகிட்ட ட்ரோப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கதை முடிச்சு, பத்திப் பேசுங்க. எனிமீஸ் டு லவ்வர்ஸா, அதுக்கு நம்மகிட்ட ரெண்டு குடும்பப் பகை இருக்கு, மேரேஜ் ஆஃப் கன்வீனியன்ஸா, அதுக்கு அத்தை பையன், தாத்தாவோட கடைசி ஆசை, எல்லாம் இருக்கு. மில்ஸ் அண்ட் பூன் கம்பெனி 1908ல லண்டன்ல ஆரம்பிச்சப்ப எல்லா வகை புக்கும் போட்டாங்க, 1930கள்லதான் காதல் நாவல் பக்கம் சாஞ்சாங்க, இந்தியாவுல சொந்தமா கம்பெனி தொறந்ததே 2008ல. அதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம மாத நாவல் டீக்கடை வரைக்கும் வந்தாச்சுன்னு சொல்லுங்க, ஒரு ஆர்வம் வரும். தமிழ் எழுத்து சுத்தமா வராதுன்னா, 2008ல ப்ளாஃப்ட் பதிப்பகம் போட்ட தமிழ் பல்ப் ஃபிக்‌ஷன் தொகுப்புல ரமணிசந்திரன் கதை இங்கிலீஷ்ல இருக்கு, அதுல ஆரம்பிக்க வைங்க.

இனி வர்றதுதான் இந்த ஊரோட ஸ்பெஷல். இங்கயே பொறந்து வளந்தவங்க, வீட்டுல தமிழ் பேசுவாங்க, ஸ்கூல்ல கன்னடமும் ஹிந்தியும் படிச்சாங்க, தமிழ் எழுத்து ஒண்ணு கூட தெரியாது. இவங்கள நம்ம ஆளுங்க "அவங்க படிக்க மாட்டாங்க"ன்னு கணக்குலயே சேக்கறதில்ல, எனக்கென்னமோ இவங்கதான் ரொம்ப சீக்கிரம் விழறாங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு படிச்சுக் காட்டணும், அவ்ளோதானே.

படிச்சுக் காட்டறதுக்கு நேரம் பாக்கணும். டிசம்பர், ஜனவரில அவரேகாய், அதான் மொச்சை, சீசன் வந்தா இந்த ஊர்ல எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு தாம்பாளத்த நடுவுல வெச்சு ஊற வெச்ச கொட்டைய ஒவ்வொண்ணா விரல்ல பிதுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, கிலோக்கணக்குல பிதுக்கணும், கை பிசி, எழுந்து போக முடியாது, டிவி ரிமோட்டத் தொட்டா பிசுபிசுக்கும், காது மட்டும் சும்மா இருக்கு. அதான் நம்ம நேரம். கதைல எந்த அத்தியாயத்துல பேச்சு நெறைய இருக்கோ அத எடுங்க, ஹீரோவோட காரு, கோட்டு, எஸ்டேட்டு பத்தின வர்ணனையெல்லாம் தாண்டிடுங்க. முக்கியமான விஷயம், நாவல்ல எழுதியிருக்கிற புத்தகத் தமிழ அப்படியே வாசிச்சா இங்க வளந்தவங்களுக்கு ரேடியோ செய்தி கேக்கற மாதிரிதான் இருக்கும், அதனால கதை சொல்ற வரிய வாய்லயே பேச்சுத் தமிழாக்கிக்கோங்க, அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிற இடத்த மட்டும் அச்சு அசலா வாசிங்க, குரல கொஞ்சம் ஏத்தி எறக்கி. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. எங்க நிறுத்தறதுன்னு தாம்பாளத்தப் பாத்தா தெரிஞ்சுடும், பிதுக்கற கை நின்னுடும், கொட்ட விரலுக்கு நடுவுல அப்படியே இருக்கும்.

"என்னடி நிறுத்திட்ட, அவ கதவத் தொறந்தாளா இல்லயா?"

"மீதி நாளைக்குத்தான் சித்தி."

"அடிப்பாவி, எனக்கு மட்டும் சொல்லுடி."

சொல்லாதீங்க. எங்க சித்தி பொண்ணு அப்படி மாட்டினவதான், எம்பிஏ படிச்சவ, தமிழ்ல பேர் கூட எழுதத் தெரியாது, நான் நாளைக்குதான்னு சொன்ன கோவத்துல புக்க தூக்கிட்டுப் போய் எழுத்துக் கூட்டப் பாத்திருக்கா. கன்னட எழுத்து தெரிஞ்சவங்களுக்கு தமிழ் எழுத்து ஒண்ணும் மலை இல்ல, க, கா, கி, கீன்னு அதே வரிசை, அதுவும் இங்க எழுத்து கம்மி, கன்னடத்துல மாதிரி க-வுக்கே நாலு எழுத்து மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. மாத நாவல்ல வரி சின்னதா இருக்கும், பாதிப் பக்கம் பேச்சுதான், அடுத்து என்னன்னு தெரிஞ்சுக்கிற அவசரமும் இருக்கும், பாடப் புத்தகத்துல இதெல்லாம் கெடைக்காது. தெனம் ஒரு பக்கம் போதும்.

அதுக்கும் பொறுமை இல்லாதவங்களுக்கு ஆடியோ இருக்கு, யூட்யூப்ல தமிழ் ஆடியோ நாவல் கொட்டிக் கெடக்கு, சில்க் போர்டு ஜங்ஷன்ல நிக்கற நேரத்துல ஒரு எபிசோடு முடிஞ்சுடும். எழுத்தாளரோட சொந்த சேனலா, இல்ல அவங்க அனுமதியோட போட்டதான்னு மட்டும் பாத்து அனுப்புங்க.

புக்கு எங்க கெடைக்கும்

1950ல ஆரம்பிச்ச பெங்களூர் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கு, அங்க லைப்ரரி உண்டு, ஒரு நாள் நேர்ல போய் நாவல் ஷெல்ஃப் முன்னாடி நில்லுங்க, அப்படியே அந்த ஷெல்ஃப் முன்னாடி வேற யாரு நிக்கறாங்கன்னும் பாருங்க. 2022 டிசம்பர்ல மொத தமிழ்ப் புத்தகத் திருவிழாவும் அங்கதான் நடந்துச்சு, அந்த மாதிரி திருவிழா எங்க நடந்தாலும் தவற விடாதீங்க, குடும்ப நாவல் ஸ்டால்ல க்யூல நிக்கறவங்ககிட்ட சும்மா "இவங்களோடது எது மொதல்ல படிக்கலாம்?"னு கேட்டுப் பாருங்க, பை நெறைய சிபாரிசு கெடைக்கும், ஃபோன் நம்பரும் கெடைக்கும். ஜனவரில பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்ககிட்ட சென்னை புத்தகக் கண்காட்சி லிஸ்ட்ட முன்னாடியே குடுத்துடுங்க, கையோட காசும் குடுத்துடுங்க. சர்ச் ஸ்ட்ரீட் ப்ளாசம்ஸ், புக்வோர்ம் புக்குக் கடைங்கள்ல இங்கிலீஷ் ரொமான்ஸ் செகண்ட் ஹேண்ட்ல நல்லா கெடைக்கும், அந்த ஆபீஸ் பொண்ண மடக்கறதுக்கு அந்த எடம்தான் சரி.

ஃபோன்லயே படிக்கிறவங்கன்னா இன்னும் சுலபம். கிண்டில்ல 2016 டிசம்பர்லயே தமிழ் வந்தாச்சு, தொடர்கதை எழுதவும் படிக்கவும் ஆப் வெச்சிருக்கிற பிரதிலிபி 2014ல ஆரம்பிச்ச கம்பெனி, அதுவும் இந்த ஊர் கம்பெனிதான். எழுதறவங்கள்ல நெறையப் பேரு வீட்டு வேலைக்கு நடுவுல, ஆபீஸ் கேப்ல, கொழந்த தூங்கின அப்புறம் உக்காந்து யூடி, அதாவது தொடரோட அடுத்த பகுதி, போடறவங்க, நேத்து வரைக்கும் சைலண்ட் ரீடரா இருந்தவங்கதான். நடந்துட்டு இருக்கிற தொடர்ல புது ஆள இழுத்து விடாதீங்க, எழுத்தாளருக்கு உடம்பு சரியில்லன்னு ரெண்டு வாரம் யூடி வரலன்னா அவங்க உங்களத்தான் திட்டுவாங்க. முடிஞ்ச கதையா குடுங்க, அதுவும் சின்னதா.

இந்த எடத்துல பிடிஎஃப் பத்திப் பேசாம போக முடியாது. "அக்கா, அந்த நாவல் பிடிஎஃப் இருக்கா?"ன்னு கேக்கறவங்க இல்லாத க்ரூப்பே இல்ல. நான் இருக்குன்னாலும் தர மாட்டேன். 1957 காப்பிரைட் சட்டப்படி எழுதினவங்க காலத்துக்கு அப்புறமும் அறுபது வருஷம் அது அவங்க சொத்து, சட்டத்த விடுங்க, சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிட்டட்ல எழுத்தாளருக்கு எத்தன பக்கம் படிக்கப்பட்டுச்சோ அதுக்குத்தான் காசு போகுது, நீங்க திருட்டு பிடிஎஃப் நூறு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணா அந்த நூறு பேரு படிச்ச ஒரு பக்கத்துக்கும் அவங்களுக்கு நயா பைசா வராது. அன்பா பரப்பறேன்னு சொல்லி அவங்க வயித்துலயே அடிக்கறது. அதுக்குப் பதில் லிங்க் அனுப்புங்க, கிண்டில் புக்குன்னா மொத கொஞ்சம் பக்கம் சாம்பிளா ஃப்ரீயாவே வரும், நீங்க சொன்ன சீன் அந்த சாம்பிளுக்குள்ள வர்றதா பாத்து சொன்னீங்கன்னா கெட்டிக்காரத்தனம். அச்சுப் புக்க கைமாத்தா குடுக்கறதுல ஒரு தப்பும் இல்ல, தாராளமா குடுங்க.

கைமாத்துன்னதும் ஞாபகம் வருது, ஒரு நோட்டு போடுங்க. புக்கு பேரு, வாங்கினவங்க பேரு, தேதி, இது மூணும் எல்லாரும் எழுதுவாங்க, நான் நாலாவதா ஒரு காலம் போட்டு வெச்சிருக்கேன், திருப்பித் தர்றப்ப அவங்க வாய்ல வந்த மொத வார்த்தைய அப்படியே எழுதிடுவேன். "அவன் அம்மாவ நாலு சாத்து சாத்தணும்", "சக்கத்தா இருந்துச்சு, ஆனா கடைசி அத்தியாயம் அவசரம்", "பஸ்ஸ விட்டுட்டேன்". அடுத்து அதே புக்க யாருக்காவது குடுக்கறப்ப அந்த வரியக் காட்டினா நீங்க பேசவே வேண்டாம். மாத நாவல் காகிதம் மட்டம், பின் அடிச்ச எடத்துல பிஞ்சுடும், நாலு கை மாறினா நடுப் பக்கம் கையோட வந்துடும், அதனால குடுக்கறதுக்கு முன்னாடி நூல் போட்டு தெச்சு மேல ஒரு ப்ளாஸ்டிக் கவர் போட்டுடுங்க. நியூஸ்பேப்பர் அட்டை மட்டும் போடாதீங்க. ஒளிச்சுப் படிக்கிற காலத்து வேல அது, அட்டை வெளிய தெரியட்டும், அதப் பாத்துத்தான் அடுத்த ஆளு கேப்பாங்க.

கூடி உக்காந்து

கப்பன் பார்க்ல சனிக்கிழமை காலைல ஆளுங்க பாய், பெட்ஷீட் விரிச்சு அமைதியா படிக்கிறத பாத்திருப்பீங்க, கப்பன் ரீட்ஸ்னு பேரு, அவங்கவங்களுக்குப் புடிச்ச புக்கு, யாரும் யாரையும் கேள்வி கேக்கறதில்ல. மெட்ரோல கப்பன் பார்க் ஸ்டேஷன்லயே எறங்கி ஒரு தமிழ்க் காதல் நாவல அட்டை வெளிய தெரிய மரத்தடில விரிச்சு உக்காருங்க. தமிழ் எழுத்தப் பாத்ததும் எங்கிருந்தாவது ஒரு தலை திரும்பும். அங்க பேச முடியாது, முடிஞ்சதும் பேசலாம், டீக்கு நடக்கற தூரத்துல எல்லாக் கடையும் இருக்கு.

பேசறதுக்குன்னு கூடறதா இருந்தா வீடுதான் சரி, நாலஞ்சு பேருக்கு மேல வேண்டாம், அதுக்கு மேல போனா ரெண்டு பேரு கதைய பேசுவாங்க, மீதிப் பேரு மெய்ட் வரலங்கிற கதைய பேசுவாங்க. எல்லாரும் ஒரே புக்கு படிச்சுட்டு வரணும்னு ஹோம்வொர்க் குடுக்காதீங்க, வர்றவங்க பாதிப் பேரு வேலைக்குப் போறவங்க, முடிக்கலங்கிற கூச்சத்துலயே வராம இருந்துடுவாங்க. ஆளுக்கு ஒரு புக்கு எடுத்துட்டு வந்து ஒரு சீன் சொல்லட்டும், அல்லது ஒரு பக்கம் வாசிக்கட்டும். "புடிச்சுதா?"ன்னு கேக்காதீங்க, புடிச்சுதுன்னு சொல்லிட்டு முறுக்கு எடுக்கப் போயிடுவாங்க. "எந்த எடத்துல புக்க மூடி வெச்சீங்க?"ன்னு கேளுங்க. ஒருத்தங்க ஹீரோ மேல கோவம் வந்து மூடியிருப்பாங்க, ஒருத்தங்க அழுக வந்து மூடியிருப்பாங்க, ஒருத்தங்க பக்கத்துல மாமனார் வந்து உக்காந்ததால மூடியிருப்பாங்க, அங்க இருந்து பேச்சு தானா ஓடும்.

சண்ட வரும், அதுக்குத் தயாரா இருங்க. பெரும்பாலும் ஒரே சண்டதான், அவள மன்னிப்புக் கேக்க வெச்சது சரியா, அவன அவ்ளோ சீக்கிரம் மன்னிச்சிருக்கணுமா. கல்யாணம் ஆனவங்க ஒரு பக்கம், ஆகாதவங்க ஒரு பக்கம்னு நெனப்பீங்க, கெடையாது, எங்க கூட்டத்துல ரொம்பக் கறாரா "நான்னா அன்னைக்கே கெளம்பிப் போயிருப்பேன்"னு நிக்கறது மாடி வீட்டு ராஜம் மாமிதான், வயசு எழுபது தாண்டியாச்சு, கல்யாணமாகி அம்பது வருஷம் ஆச்சாம். இந்த மாதிரி நேரத்துல தீர்ப்பு சொல்லாதீங்க, காபி போடப் போங்க. கதைய சாக்கா வெச்சு ஒருத்தங்க தன் வீட்டுக் கதைய சொல்ல ஆரம்பிச்சா, அத அந்த ரூம விட்டு வெளிய விடாதீங்க, அது மட்டும் ரூல்.

ஆம்பளைங்கள சேக்கலாமான்னு கேப்பீங்க. படிக்கிறவங்கன்னா சேருங்க, நெறையப் பேரு படிக்கிறாங்க, மனைவி பேர்ல இருக்கிற அக்கவுண்ட்ல படிக்கிறாங்க. கிண்டல் பண்ண வர்றவங்களுக்கு மட்டும் அந்தக் கல்யாணப் பத்திரிகை சீன சொல்லி பாதில நிறுத்திடுங்க.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம், ரெண்டு பாகமா வர்ற நாவல்னா ரெண்டையும் சேத்தே குடுங்க. மொத பாகம் எப்பவும் அவன் பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பற எடத்துலதான் முடியும், ரெண்டாவது உங்ககிட்டயே இருக்குன்னு தெரிஞ்சா ராத்திரி பதினோரு மணிக்கு நைட்டி மேல துப்பட்டாவ போட்டுக்கிட்டு காலிங் பெல் அடிக்க வருவாங்க, செக்யூரிட்டி அண்ணனுக்கும் பதில் சொல்லணும்.